2 மெகாவாட் சோலார் பிளான்ட்: யூனிட் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பிக்குச் சொந்த ஊர் ஓசூர் பக்கம். அவனுடைய மாமனார் கோலார் மாவட்டத்தில் ஒரு சோலார் பிளான்ட்டில் பங்கு வாங்கியிருக்கிறார். போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்கா, ஒரு மெகாவாட்னா ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வரணும்? மாமா தினமும் போன் பண்ணி உயிரை வாங்குறார்" என்றான். இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். உள்ளே போய் உட்கார்ந்து, நோட்டு எடுத்து, கணக்குப் போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் மாமனாரைப் போலவே கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கேட்டதற்கு ஒரு வரிப் பதில் உண்டு. (ஒரு மெகாவாட் என்பது 1,000 கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.) பெங்களூர், கோலார், ஓசூர் வட்டாரத்தில், அசையாத சட்டத்தில் தெற்கு பார்த்துப் பொருத்திய ஒரு மெகாவாட் பேனல், ஆண்டு முழுவதும் சராசரி எடுத்தால் ஒரு நாளைக்கு 4,000 முதல் 4,500 யூனிட் தரும். ஆண்டுக்கு 15, 16 லட்சம் யூனிட். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பிளான்ட் ஒழுங்காக ஓடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு எவ்வளவு வெயில் விழுந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். யூனிட்டை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவதும் கவலைப்படுவதும் இரண்டுமே தப்பான நேரத்தில் வரும். பதினோரு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், திரும்பத் திரும்ப நான் பார்த்தது இதைத்தான்.

என் வேலை இதுதான். இந்திரா நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து, கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் இருக்கும் ஏழு சின்ன பிளான்ட்டுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது சரியில்லை என்றால் போன் செய்வேன், தேவைப்பட்டால் வண்டி எடுத்துக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோட்டில் கிளம்பிவிடுவேன். நான் பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடும்வரை. காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-லேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905-இல்தான் போனது என்று அப்பா அடிக்கடி சொல்வார். மின்சாரத்தைப் பற்றி அக்கறையாகப் பேசுவது எங்கள் வீட்டில் புதிதில்லை.

கீழே வரும் எண்களெல்லாம் முல்பாகல் பக்கம் இருக்கும் ஒரு 2 மெகாவாட் பிளான்ட்டின் எண்கள். ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலம். கர்நாடக அரசின் 2014 சூரிய மின் கொள்கையில் விவசாயிகள் சொந்த நிலத்தில் 1 முதல் 3 மெகாவாட் வரை போட்டுக்கொள்ள ஒரு திட்டம் வந்ததல்லவா, அதில் வந்தது. யூனிட்டுக்கு 8.40 ரூபாய், 25 ஆண்டு ஒப்பந்தம். பாவகடாவின் 2,050 மெகாவாட் சோலார் பூங்காவோடு ஒப்பிட்டால் இது கடுகு. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இதுதான் வயல், இதுதான் விளைச்சல்.

முதலில் கையில் இருக்க வேண்டிய நான்கு எண்கள்

"2 மெகாவாட்" என்று எல்லோரும் சொல்வது மாற்று மின்னோட்டப் பக்கம், அதாவது பேனலின் நேர்மின்னோட்டத்தை மாற்று மின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரும், ஒப்பந்தமும் சொல்லும் அளவு. பேனல்களின் மொத்த அளவு வேறு. இந்தப் பிளான்ட்டில் 320 வாட் பேனல் 6,880 இருக்கிறது. பெருக்கினால் 2,201 கிலோவாட் சொச்சம். கணக்குக்கு 2,200 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து பிளான்ட்டிலும் 2 மெகாவாட்தான், அவர்களுக்கு மட்டும் எப்படி அதிகமாக வருகிறது என்று கேட்பார்கள். போய்ப் பார்த்தால் அங்கே பேனல் 2,600 கிலோவாட் போட்டிருப்பார்கள். ஆக முதல் இரண்டு எண்கள்: 2,200, 2,000.

மூன்றாவது, கேட்டில் இருக்கும் மீட்டரின் பெருக்கல் எண். நம் வீட்டு மீட்டர் மாதிரி இதில் நேராக யூனிட் வராது. 11 கே.வி. லைனில் 2 மெகாவாட் என்றால் 105 ஆம்பியர் ஓடும். அவ்வளவையும் மீட்டருக்குள் விட முடியாது. சி.டி. என்கிற கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் 150-ஐ 5 ஆக்கிக் கொடுக்கும், அதாவது 30-இல் ஒரு பங்கு. பி.டி. என்கிற பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 110 ஆக்கும், 100-இல் ஒரு பங்கு. 30-ஐ 100-ஆல் பெருக்கினால் 3,000. ஏப்ரல் மாத மீட்டர் வித்தியாசம் 101.67 என்றால் வெளியே போனது 3,05,010 யூனிட். சில மீட்டர்களில் இந்தப் பெருக்கலை உள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் மீட்டர் எப்படி என்பதை மாத ரீடிங்குக்கு மின் நிறுவனத்து ஆட்கள் வரும்போது கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நான்காவது, பேனல் சாய்வு. எங்களுடையது 15 டிகிரி. ஏன் இது வேண்டும் என்பது அடுத்து வருகிறது.

வெயிலை எப்படி அளப்பது

பேனலின் பெயர்ப்பலகையில் இருக்கும் 320 வாட் என்பது ஆய்வகத்து எண். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி, அப்போது 320. வெளியே அப்படி ஒரு நேரம் பெரும்பாலும் வராது. அதனால் நாள் முழுக்க விழுந்த வெயிலைக் கூட்டி, "முழு வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம்" என்று பார்க்கிறோம். சதுர மீட்டருக்கு 5.4 யூனிட் வெயில் விழுந்தால், முழு வெயில் 5.4 மணி நேரம் அடித்ததற்குச் சமம். பெங்களூர் வட்டாரத்தில் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய அந்த அளவுதான்.

இதை அளக்கும் கருவி பைரனோமீட்டர். கண்ணாடிக் குமிழ் வைத்த, உள்ளங்கையில் அடங்கும் கருவி. அது பேனல் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வில், அதே திசையில் இருக்க வேண்டும். எங்கள் பிளான்ட்டில் ஆரம்பத்தில் தரைக்குக் கிடையாக வைத்திருந்தார்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே இறங்கியிருக்கும்போது சாய்ந்த பேனலுக்குக் கிடைக்கும் வெயில் கிடைப் பரப்பைவிட நன்றாகவே கூடும். அதனால் குளிர்காலம் முழுக்கப் பிளான்ட் பிரமாதமாக ஓடுவது மாதிரி கணக்கு காட்டிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் சூரியன் வடக்கே போனதும் கணக்கு தலைகீழானது.

இந்தக் கருவியைப் பற்றி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு நவம்பரில், மூன்று நாள் தொடர்ந்து பிளான்ட்டின் செயல்திறன், அதாவது விழுந்த வெயிலுக்கு வர வேண்டிய யூனிட்டில் எவ்வளவு வந்தது என்கிற விகிதம், 86 சதவீதம் என்று திரையில் வந்தது. அதற்கு முன்னால் 80-ஐத் தாண்டியதே அபூர்வம். அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. பேனல்கள் திடீரென்று நன்றாக ஆவதில்லை. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கே கிளம்பி, ஓசக்கோட்டை தாண்டி, பனியில் விளக்குப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கருவிக்கு மேலே ஒரு கம்பி போகிறது. அதில் மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குமிழ் மேல் வெள்ளையும் கறுப்புமாக எச்சம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, காய்ந்து பொருக்குத் தட்டிப்போய் இருந்தது. அதன் நிழலில் கருவி வெயிலைக் குறைவாக அளந்தது. வெயில் குறைவு, யூனிட் அதே அளவு என்றால் விகிதம் ஏறத்தானே செய்யும்? தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, நகம் படாமல் துடைத்தோம். அன்று மாலை 78.5.

அதிலிருந்து அங்கே ஆபரேட்டராக இருக்கும் அண்ணன் தினமும் காலையில் பல் துலக்கியதும் முதல் வேலையாகக் குமிழைத் துடைக்கிறார். துடைத்த நேரத்தை எழுதி வைக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது கருவியை அளவுச் சோதனைக்கு அனுப்புங்கள். பைரனோமீட்டரே இல்லாத சின்ன பிளான்ட்டுகளும் உண்டு. அவர்கள் செயற்கைக்கோள் தரவை வைத்து மாதக் கணக்காவது பார்க்கலாம். நாசாவின் பவர் என்ற தளம் இலவசமாகத் தருகிறது. பி.வி.ஜி.ஐ.எஸ்., பி.வி.வாட்ஸ் இரண்டும் உங்கள் ஊரையும் சாய்வையும் கொடுத்தால் மாதவாரியாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று காட்டும். ஒரு நாள் கணக்குக்கு இவை போதாது. மாதத்துக்குப் போதும்.

இன்னொன்று, பெங்களூர் வானத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இந்திரா நகரில் கொட்டும் மழையில், "அண்ணே, அங்க மழையா?" என்று கேட்டிருக்கிறேன். "எங்கம்மா மழை? வெயில் மண்டையைப் பொளக்குது" என்று பதில் வந்திருக்கிறது. எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில் வானமே வேறு.

இரண்டு வகுத்தல்

எண்கள் வந்துவிட்டால் கணக்கு எளிது. இரண்டு விகிதம் பார்க்கிறோம்.

சி.யு.எஃப். என்பது திறன் பயன்பாட்டு விகிதம். பிளான்ட் இரவு பகலாக முழுத் திறனில் ஓடியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும், அதில் எத்தனை சதவீதம் வந்தது என்பது. ஏப்ரல் 30 நாளுக்கு 2,000-ஐ 720 மணியால் பெருக்கினால் 14,40,000. வந்தது 3,05,010. அதாவது 21.2 சதவீதம். வங்கியும் ஒப்பந்தமும் கேட்பது இதைத்தான். ஆனால் இதில் வெயில் இல்லை. மேகம் போட்டால் விழும், வெயில் அடித்தால் ஏறும்.

பி.ஆர். என்கிற செயல்திறன் விகிதத்தில்தான் பிளான்ட்டின் உடம்பு தெரியும். விழுந்த வெயிலுக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் எவ்வளவு கிடைத்தது என்பது அது. ஏப்ரலில் பேனல் சாய்வில் விழுந்த மொத்த வெயில் சதுர மீட்டருக்கு 189 யூனிட், அதாவது முழு வெயில் 189 மணி நேரம். 2,200-ஐ 189-ஆல் பெருக்கினால் 4,15,800. 3,05,010-ஐ அதால் வகுத்தால் 73.4 சதவீதம்.

இப்போது அதே ஆண்டு ஜூலையைப் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தின் மேகம். மொத்த வெயில் 143. யூனிட் 2,48,500. பிளான்ட்டின் சொந்தக்காரர், எழுபது வயதுப் பெரியவர், ஏப்ரல் முடிந்ததும் மூன்று லட்சம் தாண்டியது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவர், ஜூலை முடிந்ததும் கவலையாகப் போன் செய்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல் குறைந்துவிட்டதே, ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றார். 2,200-ஐ 143-ஆல் பெருக்கினால் 3,14,600. வகுத்தால் 79 சதவீதம். ஜூலையில் பிளான்ட் நன்றாக ஓடியது. ஏப்ரலில்தான் கோளாறு இருந்தது.

சரி, ஏப்ரலில் சூடு அதிகம், அதனாலும் குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர் வெயிலில் நண்பகலில் பேனல் 60 டிகிரி வரை ஏறும். இந்தப் பழைய வகைப் பேனல்களில் 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போய்விடும். 35 டிகிரிக்கு 14 சதவீதம். வெயில் ஏற ஏற மின்சாரம் ஏறும், சூடு ஏற ஏற அதில் கொஞ்சம் கழியும். அதனால்தான் ஏப்ரலை ஜூலையோடு ஒப்பிடக்கூடாது. ஏப்ரலைப் போன ஏப்ரலோடு ஒப்பிட வேண்டும். போன ஏப்ரலில் 76 இருந்தது. பேனலுக்கு ஒரு வயது கூடியதற்கு அரை சதவீதம் விட்டுக்கொடுத்தாலும், இரண்டு சதவீதத்துக்கு மேல் காணவில்லை. 4,15,800-இல் அது 9,000 யூனிட். 8.40-ஆல் பெருக்கினால் 75,600 ரூபாய். இனிப்பு கொடுத்த மாதத்தில் போன பணம். மே முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டோம். எப்படி என்பதுதான் அடுத்து.

போனதைத் தேடுவது

முதலில் திரையில் நாள் வளைவைத் திறந்து பாருங்கள். காலை ஆறேகாலுக்கு எழுந்து, நண்பகலில் உச்சிக்குப் போய், மாலை ஆறேகாலுக்கு அடங்கும் அந்த மணி வடிவக் கோடு. மேகமில்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், மேக நாளில் ஒன்றும் புரியாது. வெயில் கோட்டையும் மின்சாரக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

நடுவில் திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறியிருந்தால் டிரிப். லைனில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர்களின் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் போனால் 1,600 யூனிட்டுக்கு மேல் போச்சு. காலை ஏழு மணிக்குப் போனால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாத இறுதியில் இந்த நோட்டை வைத்துத்தான் சப்ஸ்டேஷனில் மரியாதையாகப் பேச முடியும்.

உச்சி தட்டையாக இருந்தால், எந்த எண்ணில் தட்டையாகியிருக்கிறது என்று பாருங்கள். சரியாக 2,000-இல் என்றால் இன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டிருக்கிறது, அது நல்ல நாள். மழை பெய்து ஓய்ந்த குளிர்ந்த வெயிலில் அப்படி வரும். 1,700, 1,750-இல் மத்தியானம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை தட்டையாக இருந்தால் இன்வெர்ட்டருக்கு மூச்சு முட்டுகிறது. சூடு தாங்காமல் தானே குறைத்துக்கொள்கிறது. காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். கேழ்வரகு அடிக்கும் பருவத்தில் அங்கே ரோட்டிலேயே கதிரைப் பரப்பி வண்டி ஏற்றுவார்கள். அந்த உமியும் தூசியும் வடிகட்டியில் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். ஒரு முறை நான் தட்டியபோது உதிர்ந்தது ஒரு முறம் நிறைய இருந்தது.

வளைவின் காலை நேரப் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் கிழக்கே நிழல். கோலாரில் தைலமரம் நிறைய. பிளான்ட் போட்டபோது இடுப்பளவு இருந்த கன்று ஐந்து வருஷத்தில் இரண்டு மாடி உயரம் ஆகிவிடும். ஒரே வரிசையில் விழும் நிழல் அந்த ஸ்ட்ரிங், அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைத்த பேனல் வரிசை, முழுவதையும் இழுத்துக் கீழே போடும். பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டை போடாமல், ஓர மரங்களை முன்கூட்டியே வெட்டிக்கொள்ளப் பேசி முடிப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் முடித்தோம்.

வளைவின் வடிவம் சரியாக இருந்து, முழுவதுமே கொஞ்சம் தாழ்ந்திருந்தால்? அதுதான் எங்கள் ஏப்ரல். அப்போது சந்தேகம் இரண்டு: ஸ்ட்ரிங் அல்லது தூசி.

இந்தப் பிளான்ட்டில் 20 பேனல் சேர்ந்தது ஒரு ஸ்ட்ரிங், மொத்தம் 344. பதினாறு பதினாறாக ஒரு பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ். வெயில் நன்றாக இருக்கும் பதினொரு மணிக்கு, கிளாம்ப் மீட்டரை நேர்மின்னோட்டத்தில் வைத்து, ஒவ்வொரு ஒயரையும் கவ்விப் பாருங்கள். 800 வாட் வெயிலில் 7 ஆம்பியர் அளவில் ஓட வேண்டும். எண்ணைவிடப் பக்கத்து ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். எல்லாம் 6.9, 7.0, 7.1 என்று வரும்போது ஒன்று மட்டும் 0 என்றால் ஃபியூஸ் போயிற்று. 5.8 என்றால் நிழலோ எச்சமோ உடைந்த பேனலோ. அந்த மே மாதம் அண்ணனும் நானும் இரண்டு நாள் காலையில் 344-ஐயும் பார்த்தோம். அவர் கவ்வுவார், நான் எழுதுவேன். ஆறு இடத்தில் பூஜ்யம். ஒரு பெட்டியில் அல்ல, நாலு பெட்டியில் சிதறி. அதனால்தான் திரையில் எதுவும் கண்ணில் படவில்லை. ஆறு ஸ்ட்ரிங் என்றால் நாளுக்கு 175 யூனிட், மாதத்துக்கு 5,300.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கவ்விப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் பயிற்சி இல்லாதவர் செய்ய வேண்டாம். பெட்டியின் ஐசொலேட்டர் சுவிட்சை அணைக்காமல் ஃபியூஸை இழுக்காதீர்கள். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒயரின் இணைப்பைக் கையால் பிரிக்காதீர்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி அணைய ஒரு வாய்ப்பு உண்டு. நேர்மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி பற்றினால் நீண்டுகொண்டே போகும், இணைப்பு உருகும், கை போகும். இந்த ஸ்ட்ரிங்கில் இருப்பது எழுநூறு வோல்ட்டுக்கு மேல். சூரியன் இருக்கும்வரை பேனலை அணைக்க சுவிட்ச் கிடையாது. கையுறை, அணைத்ததை உறுதி செய்தல், கூட ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மீதி 3,700 யூனிட் தூசி. தூசியைக் கண்ணால் மதிப்பிட முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்ட்ரிங்கை எடுத்து, ஒன்றை மட்டும் கழுவுங்கள். மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டையும் கவ்விப் பாருங்கள். 7.0, 6.9 என்றால் ஒன்றரை சதவீதம் தூசிக்குப் போகிறது. அந்த ஒன்றரை சதவீதம் மாதத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை ரூபாய், ஒரு முறை கழுவத் தண்ணீருக்கும் கூலிக்கும் என்ன ஆகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யூனிட் 8.40-க்கு விற்கிறவர் அடிக்கடி கழுவலாம். 3 ரூபாய்க்கு விற்கிறவர் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக் கழுவலாம். பக்கத்தில் ஜல்லி கிரஷர் இருந்தால் இருவருமே அடிக்கடி கழுவியாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. கோலாரில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு எடுக்கும் தண்ணீரைப் பேனலில் ஊற்றுகிறோம். பேனலுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 14,000 லிட்டர். அதனால் முதலில் மென்மையான வட்டத் துடைப்பத்தால் தூசியைத் தள்ளிவிட்டு, எச்சம் இருக்கும் இடத்துக்கு மட்டும் தண்ணீர் என்று மாற்றினோம். தண்ணீர் பாதியாகக் குறைந்தது. அப்புறம், போர் தண்ணீர் உப்பு. காயவிட்டால் வெள்ளைத் திட்டு படிந்து, தூசியைவிட மோசமாகும். ரப்பர் வைப்பரால் இழுத்துவிட வேண்டும். விடியற்காலையில் கழுவுங்கள். மத்தியானம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

இன்வெர்ட்டரில் சரி, கேட்டில் குறைவு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்வெர்ட்டர்கள் காட்டும் மொத்தமும் கேட் மீட்டரும் ஒன்றாக இருக்காது. டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் இரண்டு, மூன்று சதவீதம் சாப்பிடும். இரவில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் விளக்குக்கும் கேமராவுக்கும் லைனிலிருந்து நாம்தான் மின்சாரம் வாங்குகிறோம், அதையும் கழிப்பார்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் பரவாயில்லை. திடீரென்று அகன்றால் அன்றே பாருங்கள். வேறொரு பிளான்ட்டில் கேட் மீட்டர் திடீரென்று இன்வெர்ட்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் காட்டியது. அந்த எண்ணே விடை சொல்லிவிட்டது: மூன்று ஃபேஸில் ஒன்று மீட்டருக்குப் போகவில்லை. பி.டி. ஃபியூஸ் ஒன்று போயிருந்தது. மின்சாரம் முழுதாகப் போய்க்கொண்டிருந்தது, கணக்கில் மட்டும் வரவில்லை. நல்லவேளையாக, முக்கிய மீட்டரைச் சரிபார்க்க இரண்டாவதாக வைத்திருக்கும் சோதனை மீட்டர் சரியாக எழுதியிருந்தது. முக்கிய மீட்டரையும் சோதனை மீட்டரையும் தினமும் ஒரு முறை பார்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். மீட்டர் பெட்டிக்குச் சீல் இருக்கும். நாமாகத் திறக்கக் கூடாது. எழுத்து மூலமாகத் தெரிவித்து, அவர்கள் ஆள் வரும்போது கூட நிற்க வேண்டும்.

நோட்டு

மாடி வீட்டுத் தம்பியிடம் கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டைத்தான் கொடுத்தனுப்பினேன். எக்ஸெல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, பேனல் சாய்வில் வெயில், இன்வெர்ட்டர் யூனிட், முக்கிய மீட்டர், சோதனை மீட்டர், லைன் நின்ற நேரம், குமிழ் துடைத்த நேரம். கடைசிக் கட்டத்தில் பி.ஆர். மாதம் முடிந்ததும் போன வருஷம் அதே மாதத்துப் பி.ஆர்.-ஐப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும். மாத ரீடிங் எடுக்கும் நாளில் மீட்டர் திரையைத் தேதியோடு போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அவன் மாமனாரே ஓசூரிலிருந்து பேசினார். "நேத்து 4,900 யூனிட்டும்மா, ஒரே மெகாவாட்டுல" என்றார் குரல் நிறைய சந்தோஷத்தோடு. வெயில் எவ்வளவு மாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "6.2 எழுதியிருக்கான் பையன்." பேனலும் 1,000 கிலோவாட்தான் என்று வைத்து 6.2-ஆல் பெருக்கினால் 6,200. அதில் 4,900 என்றால் 79. நன்றாக ஓடுகிறது மாமா, குமிழைத் துடைத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.